பாதி உண்ணிச்செடி

டூங்காபி ஓடையைப் பார்த்த பின்வேலியில்
கூரை உயரம் படர்ந்த உண்ணிச்செடியை
பாதிதான் வெட்டியிருக்கிறேன்.
மீதிப் பாதி என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

வேரோடு எடு என்றாள் கெர்ரி,
ஓடைக்கரையில் இருபது வருடமாகக் களை பிடுங்குகிறவள்,
கையுறையைக் கழற்றாமலே தேநீர் குடிப்பவள்.
விட்டுவைத்தால் பழம் பறவை வயிற்றில் பயணம் போய்
ஓடை முழுக்க உன் பேர் சொல்லும்.
அந்த நேரம் பார்த்து
நீலச்சிட்டு ஒன்று, வாலை நட்டுக்குத்தாக நிறுத்தி,
பின்னால் பழுப்பாக நாலு பேரைக் கூட்டிக்கொண்டு
புதருக்குள் நுழைந்தது.
கொஞ்சம் பொறு என்றாள்.
இருபது வருட அறிவு
இரண்டு வாக்கியத்துக்கு நடுவில் தடுக்கி நின்றது.

எனக்கு இது முதல் தடுக்கல் இல்லை.
வீடு வாங்கிய வருடம்
தேன் சொட்டும் கிரெவில்லியா ஒன்பது நட்டேன்.
பறவை வரும் என்று அட்டையில் போட்டிருந்தது.
வந்தது. ஒரே ஒரு இனம்.
சாம்பல் உடம்பு, மஞ்சள் அலகு, நாள் முழுக்கச் சத்தம்.
மைனர் என்று பேர்.
நடப்பும் நம்மூர் மைனர் மாதிரியேதான்,
தெருவே தன் சொத்து.
சின்னதுகளை விரட்டி முடித்துவிட்டு
கூகபுராவின் தலையில் கொத்தப் போயின.
அந்நியப் பறவை என்று திட்டவும் வழியில்லை.
அவை இந்த மண்ணுடையவை.
வந்து குடியேறி விருந்து வைத்தது நான்.

அப்புறம் ஒரு வருடம்
எதிலும் கை வைப்பதில்லை என்று இருந்தேன்.
விட்டால் காடு வரும் என்று நினைப்பு.
கிகுயு புல் வந்தது.
நான் நட்ட நீல அல்லிகள் அதற்குள் எங்கேயோ.
மாநகராட்சிக் கடிதம் வந்தது,
‘பராமரிப்பற்ற’ என்ற சொல் இரண்டு இடத்தில்.
பக்கத்து வீட்டு கார்மெனு, மால்டாக்காரர்,
வேலிக்கு மேலாகப் புல்வெட்டியைத் தூக்கிக் கொடுத்தார்,
சர்க்கரை கடன் கொடுப்பதுபோல.
மூன்றாவது வரிசையில் நீலநாக்கு அரணை.
அணைத்தேன், அரை அடி இருக்கும்போது.
அரணை கடித்தால் மரணம் என்பார்கள்.
அன்று கடிக்கப் போனது நான்.

வெஸ்ட்மீட் ஆய்வகத்தில் எனக்கு இரவுப்பணி.
தட்டில் எதை வளரவிடுவது, எதைக் கொல்வது,
எத்தனை மணி நேரம், எத்தனை டிகிரி,
எல்லாம் தாளில் இருக்கும்.
காலையில் வீட்டுக்கு வந்தால்
தாள் இல்லை, கத்திரி இருக்கிறது.

ஆகஸ்டில் தொடங்கினேன்.
ஒரு மீட்டர் வெட்டு, அந்த இடத்தில் புர்சாரியா நடு,
முள்ளுக்கு பதில் முள்.
அது இடுப்பளவு வந்த பிறகு அடுத்த மீட்டர்.
நல்ல கணக்கு.
ஆனால் மழை பெய்து கையும் சூடேறி
ஒரே சனிக்கிழமையில் ஐந்து மீட்டர் வெட்டிவிட்டேன்.
ஆறாவதில் கத்திரி திறந்திருக்கும்போது
கை முட்டி உயரத்தில் ஒரு கூடு.
புல்லால் பின்னிய உருண்டை, பக்கவாட்டில் வாசல்,
விளிம்பில் என் துடைப்பத்தின் நீல நூல்.
விரலை விட்டுப் பார்த்தேன். வெறுமை.
போன வருடத்து வெறுமையா,
இனிமேல் நிரப்ப இருந்த வெறுமையா,
விரலுக்குத் தெரியவில்லை.

வெட்டிய கிளைகளை இழுத்து வந்து
அதைச் சுற்றிச் சாத்தினேன்.
கெர்ரியிடம் சொல்லவில்லை.
களையை நட்ட முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

ஒன்பது நாள் ஒன்றுமில்லை.
புர்சாரியா கணுக்காலுக்கு வந்திருக்கிறது.
இடுப்பு இன்னும் ரொம்ப தூரம்.
இன்று காலை, வேலை முடிந்து, செருப்பு கழற்றும்போது
மெல்லியதாக, வேகமாக, ஒரு கிறீச்.
சிட்டாக இருக்கலாம்.
கார்மெனு வீட்டுப் பின்கதவுக் கீலாகவும் இருக்கலாம்.

இன்றைக்கே எண்ணெய் விடுகிறேன் என்கிறார் அவர்.
இப்போது வேண்டாம் என்கிறேன்,
கொஞ்ச நாள் போகட்டும்.